திரும்புவதற்கு முன்

பாஸ்போர்ட்டில் இருந்த படத்தை நாற்பது சென்டிமீட்டர் உயரத்துக்குப் பெரிதாக்கித் திரையில் காட்டிய கடைக்காரன் கையை மவுஸிலிருந்து எடுத்தான். பிறகு மெதுவாக, "வேற படம் இல்லையா அக்கா?" என்றான்.

அவன் ஏன் கேட்கிறான் என்று பெர்மெட்டுக்குப் புரிந்தது. அந்தப் படம் எடுத்த அன்று அம்மாவுக்குக் கடைவாய் ஈறு வீங்கியிருந்தது. இடது கன்னம் உப்பி, அந்தப் பக்கத்துக் கண் சிறுத்து, பல் பிடுங்கக் காத்திருக்கிறவள் போலவே படத்திலும் உட்கார்ந்திருந்தாள் அனார்குல்.

"கன்னத்தை நான் சரி பண்ணித் தர்றேன். இந்தப் பக்கம் இருக்கறதை எடுத்து அந்தப் பக்கம் திருப்பிப் போட்டா தெரியவே தெரியாது."

"வேணாம் தம்பி. அப்புறம் அது அவங்களா இருக்காது."

பாஸ்போர்ட்டை வாங்கிக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். மார்ச் மாதத்துச் சேறு. பிஷ்கெக் முழுவதும் பனி உருகி ஓடிக்கொண்டிருந்தது. அம்மா இறந்து எட்டு மணி நேரம் ஆகியிருந்தது. விடிகாலையில் தேநீருக்குப் பாலை அடுப்பில் வைத்தவள், நாற்காலியில் உட்கார்ந்தாள், பிறகு எழுந்திருக்கவில்லை. இரண்டு வருடங்களாகவே இதயம் பலவீனமாக இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நாளை மதியத் தொழுகைக்குப் பிறகு அடக்கம்.

அவர்கள் குடியிருந்த ஐந்து மாடிக் கட்டடத்தின் முற்றத்தில், கார் கொட்டகைகளுக்கு முன்னால், சாவுக்குப் போடுகிற கம்பளிக் கூடாரம் எழும்பிக்கொண்டிருந்தது. பெரியப்பா கெரிம்பாய் அதைத் தன் ஊரான கோச்கோரிலிருந்து லாரியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். நகரத்தில் வாடகைக்குக் கிடைக்கிற கூடாரங்களில் அவருக்கு நம்பிக்கை கிடையாது.

"வாசல்ல வைக்கப் படம் எங்கே?" என்றார், கயிற்றை இழுத்துக்கொண்டே.

"கிடைக்கல பெரியப்பா."

"கிடைக்கலையா? உங்கப்பன் முப்பது வருஷமா கேமராவைத் தூக்கிட்டு மலை மலையா அலைஞ்சான். அவன் பொண்டாட்டிக்கு ஒரு படம் இல்லேன்னா ஊர்ல சிரிக்க மாட்டாங்க?"

"அம்மா படம் இருக்கு. பதினோரு சினிமாவுல இருக்கு. எல்லாத்துலயும் முதுகுதான்."

கெரிம்பாய் கயிற்றை முடிச்சுப் போட்டுவிட்டு நிமிர்ந்தார். "அது எனக்கும் தெரியும். ஒருக்கா தியேட்டர்ல உக்காந்து முழுசாப் பாத்தேன். மனுஷங்க ஒருத்தரையும் அடையாளம் தெரியல. கடைசியில போச்சே ஒரு பழுப்புக் குதிரை, அது நம்ம ஓஸ்மான் வீட்டுக் குதிரைன்னு மட்டும் கண்டுபிடிச்சேன்."

அதில் மிகை எதுவும் இல்லை. பெர்மெட்டின் அப்பா எசென்குல் ஒரு படத்தில்கூட யாருடைய முகத்தின் அருகிலும் கேமராவைக் கொண்டுபோனதில்லை. அது வாசற்படிக்கு வெளியே, ஆறு அடி தள்ளி, உட்கார்ந்திருக்கிற ஒருவரின் கண் உயரத்தில் நிற்கும், நகராது. கதையில் துக்கம் வருகிற இடத்தில் அந்த ஆள் திரும்பிக்கொள்வார். பிறகு முதுகு மட்டும்தான். ரஷ்யாவில் கட்டட வேலைக்குப் போன மகன் செத்துவிட்டான் என்று ஒரு தாய்க்குப் போன் வருகிற காட்சியை அவர் அப்படித்தான் எடுத்தார். போனை வைத்துவிட்டு அந்தப் பெண் திரும்பி அடுப்படிக்குப் போகிறாள். போர்சோக் மாவுத் துண்டுகளை ஒவ்வொன்றாக எண்ணெயில் போடுகிறாள். மாவு தீருகிறவரை போடுகிறாள். நான்கு நிமிடம் முதுகும் எண்ணெய்ச் சத்தமும். எங்கெங்கோ இருக்கிற ஊர்களில் அதைப் பார்த்து அழுதார்கள். அந்த முதுகு அனார்குலுடையது. நடிகைகள் முகத்தால் பேசிவிட்டுப் போனதும், திரும்பி நிற்கிற பகுதிக்கு அவளைத்தான் கூப்பிடுவார். மற்ற நாட்களில் அவள் நகர மருத்துவமனை ஒன்றின் பதிவுச் சாளரத்துக்குப் பின்னால் உட்கார்ந்து சீட்டு எழுதினாள்.

படங்களை வெட்டித் தொகுத்தது பெர்மெட். பதினான்கு வருடங்களாக. ஆரம்பத்தில் அந்தப் போன் காட்சிக்காக அப்பாவிடம் கெஞ்சியிருக்கிறாள். "ஒரே ஒரு குளோசப் போதும்ப்பா. ரெண்டு செகண்டு."

"முகத்தைக் காட்டினா பாக்குறவன் அழ வேண்டியதை அவளே அழுது முடிச்சிடுவா" என்றார் அவர்.

இது எங்கிருந்து வந்தது என்று இன்னொரு நாள் சொன்னார். ஆறு வயதில் அவருடைய பாட்டியின் சாவு. கூடாரத்து வாசலில் நின்று எட்டிப் பார்த்தாராம். வழக்கப்படி பெண்கள் எல்லோரும் வாசலுக்கு முதுகு காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். பதினேழு முதுகுகள். "எங்கம்மா எதுன்னு உடனே தெரிஞ்சிடுச்சு. அது ஒண்ணுதான் ஆடாம இருந்துச்சு."

அம்மாவுக்கு இந்தப் பெருமையெல்லாம் பொருட்டே இல்லை. படங்களைப் பார்க்கவும் மாட்டாள். "என் முதுகை நான் எதுக்குப் பாக்கணும்? துணி தைக்கிறவளுக்குத் தெரிஞ்சாப் போதும்" என்பாள். ஆனால் முப்பது வருடப் பழக்கம் உடம்பில் ஊறிவிட்டது. யாராவது படம் எடுக்கக் கையை உயர்த்தினால் போதும், அவள் தன்னை அறியாமல் திரும்பிவிடுவாள். பெர்மெட் தன் போனில் மூவாயிரம் படங்களைத் தள்ளிப் பார்த்திருந்தாள். பிறந்தநாள் மேசையில் அம்மாவின் கொண்டை. ஏரிக்கரையில் அம்மாவின் தோள். பெர்மெட்டின் கல்யாணத்தில் எல்லோரும் சிரிக்க, நடுவில் நீலச் சால்வை போர்த்திய ஒரு முதுகு.

கூடாரம் நின்றது. அம்மாவைக் கொண்டுபோய் உள்ளே வலப்பக்கம், திரைக்குப் பின்னால் கிடத்தினார்கள். பெண்கள் உட்கார்ந்தார்கள். வெளியே ஆண்கள் இடுப்பில் கச்சை கட்டி, கம்பை ஊன்றி வரிசையாக நின்றார்கள். துக்கம் கேட்க வருகிறவர்கள் தூரத்திலேயே குரலெடுத்து அழுதுகொண்டு வர, இவர்களும் குரல் கொடுத்தார்கள். எசென்குல் வரிசையில் முதல் ஆள். கம்பை ஊன்றியிருந்தார். வாய் மட்டும் திறக்கவில்லை.

அம்மாவின் தங்கை ஜூரா திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். "அத்தான், உள்ள வந்து ஒரு தடவை முகத்தைப் பாத்துட்டுப் போங்க. காலையிலேருந்து கூப்பிடறேன்."

அவர் வாசல்வரை வந்தார். உயர்ந்திருந்த வாசற்படிக்கு முன்னால் நின்றார். அங்கிருந்து திரை தெரிந்தது, திரையின் அடியில் வெள்ளைத் துணியின் ஓரம் தெரிந்தது. நின்றபடியே இருந்தார்.

"உங்க சினிமாவுலதான் ஆறடி தள்ளி நிப்பீங்க. இன்னைக்குமா?" என்றாள் ஜூரா.

அவர் திரும்பிப் போய்த் தன் இடத்தில் கம்பை ஊன்றிக்கொண்டார்.

பெர்மெட்டுக்கு முகம் சூடேறியது. தேநீர்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார். அவள் தாழ்ந்த குரலில் கேட்டாள். "அப்பா, அம்மா முகம் எங்கேப்பா? நாளைக்கு வைக்க ஒண்ணுகூட இல்ல. பாஸ்போர்ட்ல வீங்கின கன்னம்தான் இருக்கு. நாற்பது வருஷம் கூட இருந்தீங்களே, ஒரு தடவையாவது எடுத்திருக்கக் கூடாதா?"

எசென்குல் கிண்ணத்துக்குள் பார்த்தார். "நீ வெட்டினதுல இருக்கும்" என்றார்.

அதில் குற்றம் சொல்கிற தொனி எதுவும் இல்லை. மண்வெட்டி கொட்டகையில் இருக்கும் என்பதுபோலச் சொன்னார். அதற்குள் இன்னொரு கூட்டம் அழுதுகொண்டே முற்றத்துக்குள் நுழைந்தது. அவர் கிண்ணத்தை அவளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு நேராக நின்றார்.

மூன்றாவது மாடியில், சமையலறைக்குப் பக்கத்து அறையில்தான் அவளுடைய தொகுப்பு மேசை. சமையலறையில் பக்கத்து வீட்டுப் பெண்கள் மாவு பிசைந்துகொண்டிருந்தார்கள். கதவைச் சாத்திக்கொண்டாள். பழைய எட்டுப் படங்கள் பிலிம் சுருளில் எடுத்தவை; வெட்டிய துண்டுகள் எப்போதோ குப்பைக்குப் போய்விட்டன. கடைசி மூன்று படங்கள் ஹார்ட் டிஸ்க்கில் இருந்தன, எடுத்தது எடுத்தபடி.

அம்மாவின் காட்சிகளுக்கு அவளிடம் ஒரு வேலைமுறை இருந்தது. அப்பா சிறு காகிதத் துண்டுகளில் பென்சிலால் எழுதித் தருவார். 'காட்சி 31, மூன்றாவது டேக். 1:12இல் திரும்புகிறாள்.' அவள் அந்த இடத்துக்கு நேராக ஓட்டிப் போவாள். அங்கே கோடு போடுவாள். காட்சி அந்தக் கோட்டிலிருந்துதான் தொடங்கும். திரும்பியதிலிருந்து எடு, அதுதான் அப்பாவின் விதி. கோட்டுக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. பார்க்க வேண்டியிருக்கவில்லை. எல்லா டேக்குகளுக்கும் முன்னால் கொஞ்சம் சும்மா ஓடும், கிளாப் அடிப்பார்கள், யாராவது தும்முவார்கள். வெட்டி எறிகிற பகுதி.

காட்சி 31, மூன்றாவது டேக். முதலிலிருந்து ஓட்டினாள்.

"ஓடுது, எசெகே" என்றது கேமராமேனின் குரல்; அப்பாவை அவன் மரியாதையாக அப்படித்தான் சுருக்கிக் கூப்பிடுவான்.

ஒரு மண்வீட்டு வாசலில், கையில் வாளியோடு அம்மா நின்றிருந்தாள். முகம் இந்தப் பக்கம். கண்கள் கேமராவைப் பார்க்கவில்லை, அதற்குச் சற்று இடப்பக்கம் பார்த்தன. அப்பா எப்போதும் அங்கேதான், முக்காலியில் ஒரு கையை வைத்துக்கொண்டு நிற்பார்.

பத்து விநாடி ஒன்றும் நடக்கவில்லை. காற்று அவள் தலைத்துணியைத் தூக்கியது.

"போகட்டுமா?" என்றாள் அம்மா.

"இரு" என்றது அப்பாவின் குரல்.

"வெயில் போயிடும்."

"இரு."

"வாளியில நெசமாவே தண்ணி ஊத்தி வெச்சிருக்காங்க. கை வலிக்குது."

"கீழ வை."

"வெச்சா மறுபடி யாரு தூக்குறது, நீங்களா?"

கேமராமேன் சிரித்தான். அம்மாவும் சிரித்தாள். சிரிப்பு அடங்கிய பிறகும் முகத்தில் அது கொஞ்ச நேரம் தங்கியிருந்தது. அவள் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு திரையின் இடது ஓரத்தில் ஒரு கணம் இரண்டு விரல்கள் உயர்ந்தன. அம்மா திரும்பினாள். அங்கே பெர்மெட் போட்ட நீலக் கோடு இருந்தது.

ஒரு நிமிடம் பன்னிரண்டு விநாடி.

அவள் அடுத்ததைத் திறந்தாள். அதற்கடுத்ததையும். மூன்று படங்களில் முதலாவதில் இந்த நேரம் எட்டு விநாடி, பதினொரு விநாடி என்று இருந்தது. இரண்டாவதில் அரை நிமிடம். கடைசிப் படம் டாக்டர் சொன்னதற்குப் பிறகு எடுத்தது. அதில் எந்த டேக்கும் ஒரு நிமிடத்துக்குக் குறைந்து இல்லை. ஒன்று இரண்டு நிமிடம் நாற்பத்தேழு விநாடி. அம்மா அதில் பேசக்கூட இல்லை; ஒருமுறை மட்டும் புருவத்தை உயர்த்தி, என்ன என்பதுபோலக் கேட்டாள். பதில் வரவில்லை. அவளும் பதிலை எதிர்பார்க்கவில்லை.

அந்தப் படப்பிடிப்பு நான்கு நாள் இழுத்ததற்குத் தயாரிப்பாளர் சண்டை போட்டது பெர்மெட்டுக்கு நினைவு வந்தது. காகிதத் துண்டுகளும் நினைவுக்கு வந்தன. ஒவ்வொரு டேக்கிலும் அம்மா எந்த விநாடியில் திரும்புகிறாள் என்று எழுத வேண்டுமானால், ஒருவர் உட்கார்ந்து அதுவரைக்கும் பார்த்திருக்க வேண்டும்.

கதவைத் தள்ளிக்கொண்டு ஜூரா வந்தாள், கையில் தட்டோடு. "காலையிலேருந்து பச்சைத் தண்ணிகூடக் குடிக்கல நீ. இங்க உக்காந்து என்ன..." திரையைப் பார்த்ததும் நிறுத்தினாள். தட்டை மேசையில் வைத்தாள். வைத்த இடத்தில் இருந்த காகிதங்களை நகர்த்தக்கூட இல்லை.

திரையில் அக்கா தலைத்துணியைச் சரிசெய்துகொண்டாள்.

"இது எப்போ?"

"போன வருஷம் செப்டம்பர். கோச்கோர்ல."

ஜூரா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "யாரைப் பாக்குறா?"

"அப்பாவை."

ஜூரா டேக் முடிகிறவரை நின்றாள். அம்மா திரும்பி நடந்து, வீட்டுக்குள் போய், வெற்று வாசல் மட்டும் மிஞ்சியது. அப்பாவின் கேமரா வழக்கம்போல அந்த வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது. "சாப்பிடு. ஆறிடும்" என்று சொல்லிவிட்டு ஜூரா கீழே போனாள். அதற்குப் பிறகு அவள் அத்தானை உள்ளே வரச்சொல்லிக் கூப்பிடவில்லை.

மறுநாள் காலை கடை திறக்கும்போதே பெர்மெட் அங்கே நின்றாள். கடைக்காரன் திரையைப் பார்த்துவிட்டு, "பின்னாடி இருக்கற மண்சுவரை எடுத்துட்டு நீல வானம் போடட்டுமா அக்கா? எல்லாரும் அதைத்தான் கேப்பாங்க" என்றான்.

"சுவர் இருக்கட்டும்."

"வாய் கொஞ்சம் திறந்திருக்கே. ஏதோ சொல்ல வர்ற மாதிரி இருக்காங்க."

"ஆமா. திட்ட வர்றாங்க."

படத்தைக் கூடாரத்து வாசலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் வைத்தார்கள். சட்டத்தின் மூலையில் கறுப்பு நாடா. கெரிம்பாய் இரண்டடி தள்ளி நின்று பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். "இதான் அனார்குல்" என்றார். "இப்பத்தான் சாவு வீடு மாதிரி இருக்கு."

எசென்குல் வந்தார். நாற்காலியில் படம் தாழ்வாக இருக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ, கொட்டகையிலிருந்து ஒரு மரப்பெட்டியைக் கொண்டுவந்து நாற்காலியில் போட்டு, படத்தை அதன்மேல் வைத்தார். இப்போது அம்மாவின் கண்கள் நிற்கிறவரின் கண்களுக்கு நேராக இருந்தன. படத்துக்கு நேராக நிற்காமல், சற்று இடப்பக்கமாக நகர்ந்து நின்றார்.

"எந்த டேக்?"

"அஞ்சாவதுப்பா."

"அஞ்சுல நாய் குரைக்கும்."

"குரைக்குது."

"மூணாவதுல இன்னும்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். கொஞ்ச நேரம் பார்த்தார். "இல்ல. இதுதான் சரி."

பெர்மெட் ஏதோ சொல்ல நினைத்தாள். அதற்குள் பெரியப்பா, கறியைப் பங்கு போடுகிற இடத்தில் யாரையோ அதட்டிக்கொண்டு, "எசென்குல், இங்க வா" என்று கூப்பிட்டார்.

மதியம் ஆயிற்று. அம்மாவைக் குளிப்பாட்டி, வெள்ளைத் துணியில் சுற்றி, கம்பளத்தில் வைத்துக் கட்டினார்கள். கூடாரத்திலிருந்து வெளியே தூக்கும்போது பெண்களின் குரல் ஒரேயடியாக எழுந்தது. முற்றத்தில் பாடையை இறக்கி வைத்தார்கள். ஆண்கள் பூட்ஸ்களில் சேறு அப்ப வரிசை கட்டினார்கள். இடுகாட்டுக்குப் பெண்கள் போவதில்லை. அவர்களுக்கு இந்த முற்றம்தான் எல்லை. பெர்மெட் கூடாரத்து வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

முல்லா இளைஞர், புதிதாக வந்தவர். வரிசைக்கு முன்னால் போய் நின்றவர், படத்தைப் பார்த்துவிட்டுத் தயங்கினார். கெரிம்பாயின் காதருகே குனிந்து, "பெரியவரே, தொழுகை நடக்கும்போது படம் நம்மைப் பாத்துட்டு இருக்க வேணாம். எடுக்கச் சொல்லல, சும்மா திருப்பி வெச்சாப் போதும்" என்றார்.

"அதுக்கென்ன" என்று கெரிம்பாய் போய்ச் சட்டத்தின் இரண்டு ஓரத்தையும் பிடித்தார்.

"இரு" என்றார் எசென்குல்.

கெரிம்பாயின் கைகள் நின்றன. எசென்குல் வரிசையை விட்டு வந்தார். படத்துக்கு ஆறு அடி தள்ளி, சற்று இடப்பக்கமாக நின்றார். கம்பு அவர் கையில் இருந்தது. முற்றத்தில் நூற்றைம்பது ஆண்கள் நின்றார்கள். மாடியில் யாரோ ஜன்னலைச் சாத்தினார்கள். கூரையிலிருந்து உருகிய பனி தகரத்தில் சொட்டியது.

பெர்மெட் தொழில் பழக்கத்தில் எண்ணினாள். பத்து. இருபது. முல்லா தொண்டையைச் செருமிக்கொண்டார். நாற்பது. வரிசையில் பின்னால் நின்ற ஒருவர், "என்னாச்சு?" என்று கேட்க, பக்கத்தில் இருந்தவர் அவர் கையைத் தொட்டார். கெரிம்பாய் சட்டத்தைப் பிடித்தபடியே தம்பியைப் பார்த்துக்கொண்டு நின்றார், அவசரப்படுத்தவில்லை. எழுபதுக்குப் பிறகு பெர்மெட் எண்ணிக்கையைத் தவறவிட்டாள்.

எசென்குலின் கை இடுப்பளவுக்கு எழுந்தது. இரண்டு விரல்கள்.

கெரிம்பாய் படத்தைத் திருப்பினார். பின்பக்கம் பழுப்பு அட்டை, அதில் கடையின் சிறிய ஒட்டுச்சீட்டு. எசென்குல் வரிசைக்குத் திரும்பித் தன் இடத்தில் நின்றார். தொழுகை தொடங்கியது.

பெர்மெட் கூடாரத்துக்குள் வந்து ஜூராவுக்கு அருகில் உட்கார்ந்தாள், மற்றவர்களைப் போல வாசலுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து. மரச்சட்டங்களுக்கு இடையே கம்பளியின் சாம்பல் நிறம் தெரிந்தது. வெளியே தொழுகை முடிந்து குரல்கள் கலைந்தன. பாடையைத் தூக்கினார்கள். லாரியின் பின்கதவு திறந்து மூடியது. ஒவ்வொரு வண்டியாகக் கிளம்பிய சத்தம் கேட்டது. பெரியப்பா அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

சேற்றில் பூட்ஸ் சத்தம் கூடாரத்தை நோக்கி வந்தது. வாசற்படிக்கு முன்னால் நின்றது.

ஜூராவின் ஒப்பாரி தாழ்ந்து போயிற்று. மற்ற பெண்களும் ஒவ்வொருவராகக் குரலை அடக்கினார்கள். வெளியே பெரியப்பா மறுபடி கூப்பிட்டார். லாரியின் இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. வாசலில் நின்ற கால்கள் நகரவில்லை.

பெர்மெட் திரும்பவில்லை. இந்த முறை எண்ணவும் இல்லை.